நடக்கிற மரங்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கு, ஒருவரையொருவர் அறியாத நான்கு பேர் எழுதியவை என்றாலும், ஒரே காரியத்தைச் சுற்றியே நிற்கின்றன. சந்தேகம் வந்தவன் ஆவிக்குரிய கண்ணை இழந்தவனா, இழந்தவனானால் அவன் பார்வையடைவது எப்படி என்பதுதான் அந்தக் காரியம். ஆகையால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இந்த நான்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்களின் பெயரையும் ஊரையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, கிறிஸ்துவுக்குள் ஸ்தோத்திரம். என் தம்பிக்கு இரத்தப் புற்றுநோய் வந்தபோது எங்கள் ஜெபக்குழு 40 நாள் உபவாசமிருந்து ஜெபித்தது. சுகம் கிடைத்துவிட்டதாகத் தரிசனம் கண்டேன் என்று ஒரு சகோதரர் சொன்னார். 43ஆம் நாள் தம்பி இறந்துவிட்டான். அவனுக்கு வயது 26. அன்றுமுதல் எட்டு மாதமாக என்னால் ஜெபிக்க முடியவில்லை. கண்ணை மூடினால் சுவரோடு பேசுவதுபோல் இருக்கிறது. தேவன் இருக்கிறாரா என்றே சில இரவுகளில் தோன்றுகிறது. ஜெபக்குழுத் தலைவியிடம் இதைச் சொன்னேன். இப்பிரபஞ்சத்தின் தேவன், அதாவது சாத்தான், உன் மனதைக் குருடாக்கிவிட்டான், நீ சந்தேகப்பட்டதால்தான் தம்பிக்குச் சுகம் கிடைக்கவில்லை என்றார். நான் இன்னும் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தி வருகிறேன். மாய்மாலக்காரிபோல் உணர்கிறேன். நான் குருடாகிவிட்டேனா?

பதில்: அன்புச் சகோதரிக்கு. உங்கள் கடிதத்தை மூன்று நாள் மேசைமேல் வைத்திருந்து, திரும்பத் திரும்ப வாசித்த பிறகே எழுதுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உங்கள் சந்தேகத்தினால்தான் தம்பி இறந்தான் என்று உங்களிடம் சொல்லப்பட்டது பொய். அதைச் சொன்னவர் உங்களைக் காயப்படுத்த நினைத்திருக்கமாட்டார். ஆனாலும் அது பொய்தான். கெத்செமனே தோட்டத்தில் நம்முடைய ஆண்டவர் முகங்குப்புற விழுந்து, இந்தப் பாத்திரம் தம்மைவிட்டு நீங்கும்படி ஒரு தடவையல்ல, மூன்று தடவை வேண்டிக்கொண்டார். பாத்திரம் நீங்கவில்லை. கேட்டது கிடைக்காதபோதெல்லாம் கேட்டவனுடைய விசுவாசத்தில்தான் குறை என்று ஒரு சட்டம் போட்டால், அந்தச் சட்டம் முதலாவது கெத்செமனேயில் முழங்காற்படியிட்டவர்மேலேயே விழும். தன் சரீரத்திலிருந்த முள் நீங்கவேண்டுமென்று பவுலும் மூன்றுதரம் கேட்டார். கிருபை கிடைத்தது, முள் நீங்கவில்லை. தம்பி ஏன் பிழைக்கவில்லை என்பதற்கு என்னிடம் விடை இல்லை. விடை இருப்பதாகச் சொல்லுகிறவர்களிடமிருந்து கொஞ்சகாலம் விலகியிருங்கள்.

இனி அந்த வசனத்துக்கு வருகிறேன். 2 கொரிந்தியர் 4:4இல் மனது குருடாக்கப்பட்டவர்கள் என்று பவுல் சொல்வது, சுவிசேஷத்தின் ஒளியைத் தள்ளிவிட்டு அது தேவையில்லை என்று நடப்பவர்களைக் குறித்து. ஒளியைக் காணோமே என்று எட்டு மாதமாக இரவில் அழுகிறவரைக் குறித்து அவர் அதை எழுதவில்லை. உங்களிடம் அந்த வசனத்தைச் சொன்னவர் இன்னும் நான்கு வசனம் தாண்டி வாசித்திருந்தால், "கலக்கமடைந்தும் மனமுறிவடைகிறதில்லை" என்று பவுல் தம்மைப் பற்றியே எழுதியிருப்பதைக் கண்டிருப்பார். கலக்கம் என்று நம் வேதாகமத்தில் இருக்கும் இடத்தில், மூல கிரேக்கச் சொல்லுக்கு வழி தெரியாமல் திகைத்து நிற்பது என்று பொருள். குருடாக்கப்பட்டவர்களைப் பற்றி எழுதிய அதே அதிகாரத்தில், அதே கையால், எனக்கும் சில வேளைகளில் வழி தெரியவில்லை என்று அப்போஸ்தலன் ஒத்துக்கொள்கிறார். இவ்விரண்டும் ஒன்றல்ல என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

மாற்கு 9ஆம் அதிகாரத்தில் வருகிற தகப்பனை நினைத்துப் பாருங்கள். சிறுவயது முதல் தீயிலும் தண்ணீரிலும் தள்ளப்படுகிற மகனை அவன் சீஷர்களிடம் கொண்டுவந்தான்; அவர்களால் முடியவில்லை. உங்கள் ஜெபக்குழுவின் கதையும் அதுதானே. அதன்பின் ஆண்டவரிடம் அவன், நீர் ஏதாகிலும் செய்யக்கூடுமானால் என்று ஆரம்பிக்கிறான். அந்தக் 'கூடுமானால்' என்ற சொல்லில் அவனுடைய அத்தனை வருட ஏமாற்றமும் இருக்கிறது. பிறகு கண்ணீரோடே, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று சத்தமிடுகிறான். ஒரே மூச்சில் விசுவாசமும் அவிசுவாசமும் அவன் வாயிலிருந்து வருகின்றன. முதலில் உன் அவிசுவாசத்தைத் தீர்த்துக்கொண்டு வா என்று ஆண்டவர் அவனைத் திருப்பி அனுப்பவில்லை. சந்தேகத்தை ஆண்டவரிடத்திலிருந்து ஒளித்து வைக்காமல், அவரிடமே முறையிட்டதுதான் அவன் செய்த சரியான காரியம். உங்கள் கடிதமும் என் பார்வையில் அப்படிப்பட்ட ஒரு சத்தம். பார்வை அடியோடு போனவர் இருட்டைப் பற்றி முறையிடமாட்டார்.

ஜெபிக்க முடியவில்லை என்கிறீர்கள். சொந்த வார்த்தை வராத காலத்துக்காகவே சங்கீதங்கள் தரப்பட்டிருக்கின்றன. 88ஆம் சங்கீதத்தைத் திறந்து வையுங்கள். புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலானவை கடைசியிலாவது துதிக்குத் திரும்பிவிடும். இதுவோ இருளிலேயே முடிகிறது. இருளில் முடியும் ஒரு பாடலை ஆராதனைப் புத்தகத்துக்குள் வைத்தவர்கள், உங்களைப்போன்ற ஒருவர் வருவார் என்று அறிந்தே வைத்தார்கள் என்று நினைக்கிறேன். யோபின் புத்தகத்தின் முடிவில் தேவன் யாரைக் கடிந்துகொண்டார் என்பதையும் பாருங்கள். துணிந்து கேள்வி கேட்ட யோபு தேவனைக் குறித்து நிதானமாய்ப் பேசினான் என்றும், எல்லாவற்றுக்கும் விளக்கம் வைத்திருந்த சிநேகிதர் அப்படிப் பேசவில்லை என்றும் 42ஆம் அதிகாரம் சொல்கிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. உறக்கம் வருகிறதா? பசிக்கிறதா? உங்கள் எழுத்து இரவு இரண்டு மணிக்கு எழுதப்பட்டதுபோல் தோன்றியது. சூரைச்செடியின் கீழ்ப் படுத்துக்கொண்டு, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று எலியா சொன்னபோது, தூதன் அவனுக்கு உபதேசம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் அவன் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டான், திரும்பப் படுத்துக்கொண்டான், மறுபடியும் எழுப்பப்பட்டுச் சாப்பிட்டான். அதற்கு அப்புறம்தான் மெல்லிய சத்தம். துக்கம் மாதக்கணக்கில் உறக்கத்தையும் பசியையும் தின்றுவிட்டால், அது மருத்துவர் பார்க்கவேண்டிய காரியம். மனநல மருத்துவரிடம் போவதில் விசுவாசக் குறைச்சல் எதுவும் இல்லை. இந்த வாரமே போய் வாருங்கள்.

ஞாயிறு பள்ளியைப் பற்றி: உங்கள் ஆயரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு, ஓய்வு தேவையென்றால் இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து நடத்த மனமிருந்தால் நடத்துங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று தாவீது கேட்டதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இப்போது உங்களைவிடத் தகுதியானவர் அந்தச் சபையில் இல்லை.

கேள்வி: நான் கல்லூரியில் இயற்பியல் படிக்கிறேன். கிறிஸ்தவக் குடும்பம். சோதித்துப் பாராமல் எதையும் ஏற்றுக்கொள்ளாதே என்று ஆய்வகத்தில் சொல்லித்தருகிறார்கள். ஆனால் வாலிபர் கூட்டத்தில் உயிர்த்தெழுதலைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதற்கு, சந்தேகத் தோமாவைப்போல் இருக்காதே, காணாதிருந்தும் விசுவாசிக்கிறவர்கள் பாக்கியவான்கள் என்று வாயை அடைத்துவிட்டார்கள். ஆதாரம் கேட்பது பாவமா?

பதில்: தம்பி, தோமாவுக்கு நம் பிரசங்கங்களில் நெடுநாளாக அநியாயம் நடந்து வருகிறது. யோவான் 20ஆம் அதிகாரத்தை மெதுவாக வாசியுங்கள். உயிர்த்தெழுந்த அன்று சாயங்காலம் ஆண்டவர் மற்றச் சீஷர்களுக்குத் தம்முடைய கைகளையும் விலாவையும் காண்பித்தார். கண்டபிறகே அவர்கள் சந்தோஷப்பட்டார்கள். அதற்கு முன்பு ஸ்திரீகள் வந்து சொன்னது அவர்களுக்கு வீண்பேச்சாகத் தோன்றியது என்று லூக்கா எழுதுகிறார். அப்படியானால் யோவான் எழுதியிருக்கிறபடி, தோமா கேட்டதில், மற்றவர்களுக்குக் கிடைக்காதது என்று விரலால் தொடுவது ஒன்றுதான் இருந்தது. அந்த ஒன்றையும் ஆண்டவரே முன்வந்து, உன் விரலை இங்கே நீட்டு என்று கொடுத்தார். தோமா தொட்டான் என்று யோவான் எழுதவில்லை என்பதைக் கவனித்தீர்களா? கண்டான், "என் ஆண்டவரே! என் தேவனே!" என்றான். அந்தச் சுவிசேஷத்தில் இயேசுவை நேருக்கு நேர் தேவனே என்று அழைத்த மனுஷன் அவன்தான்.

அதே தோமாதான் லாசருவின் ஊருக்குப் போனால் உயிருக்கு ஆபத்து என்று எல்லாரும் தயங்கியபோது, அவரோடேகூட மரிக்கும்படி நாமும் போவோம் வாருங்கள் என்றவன். கடைசி இரவில், ஆண்டவரே, நீர் போகிற இடத்தை அறியோமே, வழியை நாங்கள் எப்படி அறிவோம் என்று கேட்டவனும் அவனே. நானே வழியும் சத்தியமும் ஜீவனுமாயிருக்கிறேன் என்ற வசனம், அவன் புரியாததைப் புரியவில்லை என்று சொன்னதற்குக் கிடைத்த பதில். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் தெரிந்ததுபோல் தலையாட்டியிருந்தால் நமக்கு அந்த வசனம் வந்து சேர்ந்திருக்குமா? அந்தத் தோமா நம் தேசத்துக்கு வந்து, கி.பி. 72இல் சென்னைப் பரங்கிமலையில் இரத்தசாட்சியாக மரித்தார் என்பது தலைமுறை தலைமுறையாக வந்த பாரம்பரியம். கேள்வி கேட்டவரின் பெயரால் ஒரு மலையே நிற்கிற ஊர்க்காரர்கள் நாம்.

காணாதிருந்தும் விசுவாசிக்கிறவர்கள் என்ற வசனத்துக்கு அடுத்தாற்போலவே, நீங்கள் விசுவாசிக்கும்படியாக இவைகள் எழுதப்பட்டிருக்கிறது என்று யோவான் சொல்கிறார். கண்ணால் காணாதவர்களுக்குக் கண்டவர்களின் சாட்சி கையில் கொடுக்கப்படுகிறது. ஏறக்குறைய கி.பி. 55இல் கொரிந்து சபைக்கு எழுதிய பவுல், உயிர்த்தெழுந்தவரை 500க்கு அதிகமானவர்கள் ஒரே வேளையில் கண்டார்கள், அவர்களில் அநேகர் இந்நாள்வரைக்கும் இருக்கிறார்கள் என்கிறார். வேண்டுமானால் போய் விசாரித்துப் பார் என்பதுதானே அதன் பொருள்.

ஆகவே கேளுங்கள். ஆனால் கேள்வி கேட்பது வேறு, பதில் வந்தாலும் அசையக்கூடாது என்று முன்னரே தீர்மானித்துக்கொள்வது வேறு. யாக்கோபு தம் நிருபத்தில் கண்டிக்கிற சந்தேகக்காரன் கடலின் அலையைப்போல அலைகிறவன். இரண்டு வசனம் தள்ளி அவனுக்கு இருமனமுள்ளவன் என்று பெயர் வைக்கிறார். இரண்டு பக்கமும் கால் வைத்துக்கொண்டு எந்தப் பக்கமும் நடக்காமலிருக்க ஒருவனுக்குச் சந்தேகம் வசதியாக இருக்கிறது என்றால், அங்கே யாக்கோபின் சொல் பொருந்தும். தோமாவோ எட்டு நாளும் சந்தேகத்தோடு இருந்தாலும் எட்டாம் நாள் அதே வீட்டுக்குள், அதே சகோதரரோடு இருந்தான். அதனால்தான் ஆண்டவர் வந்தபோது அவன் அங்கே இருந்தான். இந்த ஒன்றை அவனிடம் கற்றுக்கொள்ளுங்கள்: கேள்வியை வெளியே விட்டுவிட்டு உள்ளே வராதீர்கள், கேள்வியோடு வெளியே போய்விடவும் செய்யாதீர்கள்.

ஒரு வேலையும் தருகிறேன். மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரம்தான்; ஒரு சனிக்கிழமை மாலை ஒரே அமர்வில் வாசித்துவிடலாம். பக்கத்தில் ஒரு நோட்டை வைத்து, புரியாததையும் ஏற்க முடியாததையும் தயங்காமல் எழுதுங்கள். எழுதி முடித்தபின், கேள்வியே எழாமல் உங்களுக்குத் தெளிவாகத் தெரிந்த ஒரே ஒரு கட்டளையை எடுத்து அந்த வாரம் செய்து பாருங்கள். தேவனுடைய சித்தத்தின்படி செய்ய மனதுள்ளவன் இந்த உபதேசம் தேவனால் உண்டானதா என்று அறிந்துகொள்வான் என்று யோவான் 7:17இல் ஆண்டவர் சொல்வது, ஆய்வகம் தெரிந்த உங்களுக்கு எளிதில் புரியும். சமன்பாட்டைக் கரும்பலகையில் பார்ப்பதற்கும் கையால் ஊசலை ஆட்டி நேரம் குறிப்பதற்கும் வித்தியாசம் உண்டு அல்லவா?

கேள்வி: 30 ஆண்டுகளாகச் சபையை நிர்வகிக்கும் சேகர கமிட்டியில் இருப்பவன் நான். புதிதாக வந்த ஆயர் மூன்று ஞாயிறுகளாக ஆவிக்குரிய குருட்டுத்தன்மையைப் பற்றியே பிரசங்கிக்கிறார். அது கிறிஸ்துவை அறியாதவர்களுக்குரிய செய்தி அல்லவா? ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் பெற்று, ஒரு ஞாயிறும் தவறாமல் ஆலயத்துக்கு வருகிற எங்களுக்கு அது எதற்கு?

பதில்: ஐயா, உங்கள் ஆயரை எனக்குத் தெரியாது. ஆனால் அவர் சரியான மக்களிடம்தான் பிரசங்கிக்கிறார் என்று தோன்றுகிறது. உங்களுக்குப் பதில் சொல்லுமுன் என் தாயாரைப் பற்றிச் சொல்ல அனுமதியுங்கள்.

அம்மா எழுபது வயதுவரை தினமும் காலையில் வெளித் திண்ணையில் முறத்தோடு உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குவார்கள். கடைசி இரண்டு மூன்று வருடம், "இப்பல்லாம் அரிசியில கல்லே வர்றதில்ல, காலம் மாறிப்போச்சு" என்று மகிழ்ச்சியோடு சொல்லிக்கொண்டே பொறுக்குவார்கள். நாங்களோ மத்தியானச் சோற்றில் வாரம் இரண்டுமுறை கல்லைக் கடித்துக்கொண்டிருந்தோம். சாயங்காலம் விளக்கைப் போட்டால் பல்பு மங்கிவிட்டது, மாற்று என்பார்கள். மாற்றினால் புது பல்பும் சரியில்லை என்பார்கள். கண்ணில் புரை முற்றியிருந்ததைக் கண் மருத்துவர் சொல்லித்தான் அறிந்தோம். அறுவை முடிந்து மறுநாள் கட்டைப் பிரித்தவுடன், அம்மா முதலில் பார்த்தது தம் சேலையை. இது வெள்ளையா, இத்தனை நாள் பழுப்பு என்றல்லவா நினைத்திருந்தேன் என்றார்கள். வீட்டுக்கு வந்த வாரமே முறத்தை எடுத்து உட்கார்ந்து, ஒரு படி அரிசியில் உள்ளங்கை நிறையக் கல்லைப் பொறுக்கி எடுத்து, எங்கள் முகத்தைப் பார்த்து ஒன்றும் பேசாமல் இருந்தார்கள்.

புரை அவ்வளவு மெதுவாக வருகிறது. வந்தவருக்குத் தெரிவதே இல்லை. உலகம்தான் மங்கிவிட்டது என்றும், கல்லே இல்லை என்றும் தோன்றுகிறது. யோவான் 9ஆம் அதிகாரத்தின் முடிவில் பரிசேயர், நாங்களும் குருடரோ என்று கேட்டபோது ஆண்டவர் சொன்ன பதிலை இதோடு வைத்துப் பாருங்கள்: "நீங்கள் குருடராயிருந்தால் உங்களுக்குப் பாவமிராது, நீங்கள் காண்கிறோம் என்று சொல்லுகிறபடியினால் உங்கள் பாவம் நிலைநிற்கிறது." அந்த அதிகாரத்தில் பிறவிக்குருடன், 'தெரியாது' என்ற வார்த்தையைத் தயங்காமல் சொல்கிறான். அவர் எங்கே என்று கேட்டால் தெரியாது என்கிறான். அவர் பாவியா என்று கேட்டால், எனக்குத் தெரியாது, நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன், இது ஒன்றுதான் எனக்குத் தெரியும் என்கிறான். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிச் சொல்லியே அவன் வளருகிறான். முதலில் இயேசு என்னப்பட்ட ஒருவர் என்றவன், பிறகு தீர்க்கதரிசி என்கிறான், பிறகு தேவனிடத்திலிருந்து வந்தவர் என்கிறான், கடைசியில் ஆண்டவரே, விசுவாசிக்கிறேன் என்று பணிந்துகொள்கிறான். பரிசேயரோ, அறிந்திருக்கிறோம் என்ற வார்த்தையிலேயே ஆரம்பித்து அதிலேயே நிற்கிறார்கள். ஒரே அதிகாரத்தில் ஒருவன் படிப்படியாகப் பார்வையடைகிறான். வேதத்தைக் கரைத்துக் குடித்தவர்கள் படிப்படியாகக் குருடாகிறார்கள்.

வெளிப்படுத்தின விசேஷத்தில், கண்ணுக்குக் கலிக்கம் என்ற மருந்தைப் போட்டுக்கொள் என்று ஆண்டவர் சொன்னது எந்தப் புறஜாதிக் கோவிலுக்கும் அல்ல, லவோதிக்கேயா என்ற சபைக்கு. கி.பி. 60இல் பூமியதிர்ச்சியால் இடிந்தபோது ரோமாபுரியின் உதவி இல்லாமலே தன் செல்வத்தால் மீண்டும் எழும்பிய பட்டணம் அது. எனக்கு ஒரு குறைவுமில்லை என்று அவர்கள் சொல்லிக்கொண்டதில் ஆச்சரியம் என்ன?

பெத்சாயிதாவில் நடந்த அற்புதத்தையும் பாருங்கள். மாற்கு மட்டும்தான் அதை எழுதியிருக்கிறார். ஆண்டவர் குருடனுடைய கையைப் பிடித்துக் கிராமத்துக்கு வெளியே அழைத்துக்கொண்டுபோய், கைகளை அவன்மேல் வைத்து, எதையாகிலும் காண்கிறாயா என்றார். "நடக்கிற மனுஷரை மரங்களைப்போலக் காண்கிறேன்" என்றான். அவன் எவ்வளவு நேர்மையான மனுஷன்! அற்புதம் செய்தவர் முன்னால் நின்று கேட்கும்போது, எல்லாம் நன்றாகத் தெரிகிறது ஆண்டவரே, ஸ்தோத்திரம் என்று நம்மில் எத்தனைபேர் சொல்லியிருப்போம். அவன் மங்கலாகத் தெரிகிறது என்றான். ஆகையால் ஆண்டவர் இரண்டாந்தரம் கைவைத்தார். யாவரையும் தெளிவாய்க் கண்டான். இந்த நிகழ்ச்சியை மாற்கு எங்கே வைத்திருக்கிறார் என்பதும் கவனிக்கத்தக்கது. அடுத்த வசனங்களிலேயே, நீர் கிறிஸ்து என்று பேதுரு அறிக்கையிடுகிறார். உடனே சிலுவையைப் பற்றிச் சொன்ன ஆண்டவரைக் கடிந்துகொள்ளவும் செய்கிறார். பேதுருவுக்குக் கண் திறந்திருந்தது, ஆனால் அவருக்கும் மனுஷர் மரங்களாகத்தான் தெரிந்தார்கள்.

இதற்குச் சரித்திரத்தில் நான் அறிந்த மிகத் துயரமான உதாரணம், கப்பல் தலைவராயிருந்து பிற்பாடு குருவானவரான ஆங்கிலேயர் ஜான் நியூட்டன். 1748இல் கடும்புயலில் கப்பல் மூழ்கும் நிலையில் தேவனை நோக்கிக் கூப்பிட்டதைத் தம் மனந்திரும்புதலின் நாளாக வாழ்நாள் முழுதும் அவர் ஆசரித்தார். நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன் என்று யோவான் 9ஐ எதிரொலிக்கிற அவருடைய 'அமேசிங் கிரேஸ்' என்ற கிருபைப் பாட்டு, 1773ஆம் ஆண்டின் முதல் நாளில் ஓல்னி என்ற ஊரின் சபைக்காக எழுதப்பட்டது. ஆனால் மனந்திரும்பியபின் 1754 வரைக்கும் அவர் அடிமைக் கப்பல்களிலேயே, பெரும்பாலும் அவற்றின் தலைவராக, கடலோடினார். ஞாயிறுதோறும் மேல்தளத்தில் மாலுமிகளைக் கூட்டி ஆராதனை நடத்துவார். அதே கப்பலின் அடியில் ஆப்பிரிக்க மனிதர் விலங்கிடப்பட்டுக் கிடந்தார்கள். அவர் அந்தத் தொழிலை விட்டதும் உடல்நலக் குறைவால்தான். அதைப் பாவமென்று வெளிப்படையாக எழுதியது 1788இல், தம் அறிக்கை மிகவும் தாமதமானது என்ற வெட்கத்தோடு. புயலுக்கும் அந்த எழுத்துக்கும் இடையே 40 ஆண்டுகள். நியூட்டனின் விசுவாசம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். மனுஷர் அவருக்கு 40 ஆண்டுகள் மரங்களாக, விற்கத்தக்க மரங்களாகத் தெரிந்தார்கள் என்றுதான் சொல்வேன். அதன்பின் அடிமை வியாபாரத்துக்கு எதிராகச் சாட்சி சொன்னார். அந்த வியாபாரத்தைத் தடைசெய்யும் சட்டம் 1807இல் நிறைவேறியதைக் கண்டபிறகே, அதே ஆண்டு டிசம்பரில் மரித்தார்.

அது வெள்ளைக்காரர் கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833இல், சபைகளில் சாதி வேற்றுமை அடியோடு ஒழியவேண்டும் என்று கட்டளையிட்டபோது, தமிழ்ச் சபைகளில் அதை எதிர்த்தவர்கள் ஜெபிக்கத் தெரியாதவர்கள் அல்லர். கீர்த்தனை பாடி, வேதம் வாசித்து, தலைமுறையாகக் கிறிஸ்தவர்களாயிருந்தவர்கள். திருநெல்வேலிப் பக்கத்து வடக்கன்குளத்தில் ஆலயத்துக்குள்ளேயே ஒரு சாதியாரை இன்னொரு சாதியாரிடமிருந்து பிரித்து நிறுத்திய சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. இடித்தது தவறு என்று வழக்கு சென்னை உயர்நீதிமன்றம்வரை போயிற்று. சுவரின் இரண்டு பக்கமும் நின்றவர்கள் ஒரே பீடத்தை நோக்கித்தான் முழங்காற்படியிட்டார்கள். நடுவில் இருந்த கல் கண்ணில் படவில்லை.

ஐயா, உங்கள் சேகரத்தின் கல்லறைத் தோட்டத்தில் யார் எங்கே அடக்கம்பண்ணப்படுகிறார்கள், சபையின் பொது விருந்தான அசனப் பந்தியில் சமையல் யார் பொறுப்பில் இருக்கிறது, கமிட்டித் தேர்தலில் ஓட்டு எதைப் பார்த்து விழுகிறது என்று நான் கேட்கவில்லை. நீங்களே ஒரு வாரம் முறத்தை எடுத்து உட்கார்ந்து பாருங்கள். ஒரு கல்லும் அகப்படவில்லையென்றால் மறுபடியும் எனக்கு எழுதுங்கள். நீங்கள் எழுதியதை வாசித்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுண்டு: முப்பது ஆண்டுகளில் இப்போதுதான் ஒரு பிரசங்கம் உங்களை உறுத்தியிருக்கிறது. அந்த உறுத்தலைத் தட்டிவிடாதீர்கள். கலிக்கம் போட்டால் கண் எரியத்தான் செய்யும்.

கேள்வி: என் மகன் பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். இரண்டு வருடமாக ஆலயத்துக்குப் போவதில்லை. எனக்கு நம்பிக்கை வரவில்லை அம்மா, பொய்யாக நடிக்கச் சொல்லாதீர்கள் என்கிறான். ஊருக்கு வரும்போதெல்லாம் இதைப் பற்றிய சண்டைதான். அவன் கண் திறக்க நான் என்ன செய்யவேண்டும்?

பதில்: அம்மா, அவர் கண்ணைத் திறப்பது உங்கள் வேலை அல்ல என்பதை முதலில் ஏற்றுக்கொள்ளுங்கள், பாதிப் பாரம் அதிலேயே இறங்கிவிடும். தோத்தானில் பட்டணத்தைச் சுற்றிச் சீரியரின் சேனை நின்றதைக் கண்டு எலிசாவின் வேலைக்காரன் அலறியபோது, எலிசா அவனிடம் பயப்படாதே என்று ஒரு வார்த்தை சொன்னான். அதற்குமேல் அவனோடு வாதாடவில்லை. கர்த்தாவே, இவன் பார்க்கும்படி இவன் கண்களைத் திறந்தருளும் என்று கர்த்தரிடம் திரும்பிவிட்டான்.

எம்மாவு என்ற கிராமத்துக்குப் போன இரண்டு சீஷரிடம் ஆண்டவர் நடந்துகொண்ட விதத்தையும் வாசியுங்கள். அவர்கள் எருசலேமுக்கு முதுகைக் காட்டி நடக்கிறார்கள். நாங்கள் நம்பியிருந்தோம் என்று நம்பிக்கையைக் கடந்தகாலத்தில் பேசுகிறார்கள். அவர் கூடவே நடந்து, நீங்கள் பேசிக்கொள்ளுகிற காரியங்கள் என்ன என்று கேட்டார். எல்லாம் அறிந்தவர், எவைகள் என்று மறுபடியும் கேட்டு, அவர்கள் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்தார். கடிந்துகொள்ளுதலும் வேத விளக்கமும் அதற்குப் பின்புதான். கண் திறந்ததோ வழியில் அல்ல, பந்தியில், அப்பத்தைப் பிட்கும்போது.

உங்கள் மகன் நடிக்கமாட்டேன் என்று சொன்னதை நான் கெட்ட செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை, நேர்மையாக வளர்த்திருக்கிறீர்கள். அடுத்தமுறை அவர் வரும்போது ஆலயப் பேச்சை நீங்களாக எடுக்காதீர்கள். எப்போதும்போல் சாப்பாட்டுக்கு முன் நீங்கள் ஜெபியுங்கள், அவரைக் கண்மூடச் சொல்லாதீர்கள், அவருக்குப் பிடித்த குழம்பை ஊற்றுங்கள். எப்போது நம்பிக்கை போயிற்று, அப்போது என்ன நடந்தது என்று ஒருநாள் கேளுங்கள். கேட்டுவிட்டுக் குறுக்கே பேசாமல் இருங்கள். அவர் கேட்கிற கேள்வி ஒன்றுக்கு உங்களுக்குப் பதில் தெரியவில்லையென்றால், எனக்கும் தெரியவில்லையப்பா என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா என்று கேளுங்கள்.